முயலுக்கும் சீனி வருத்தம் வருமா?

கடந்த பங்குனி மாதத்தில் ஒரு பின்னேரம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் பகுதியில், உறவினர் ஒருவரின் காணியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். 1990 ஆம் ஆண்டில் சொந்த ஊரை விட்டு இடம்பெயர்ந்த குடும்பம் அது. இரண்டு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயமும் கத்தரியும் செய்கிறார்கள். வெங்காயத்தில் விழுந்த நோயைப் பற்றி விசாரிப்பதற்காகவே நாம் போயிருந்தோம். ஆனால் அன்று அந்த வீட்டில் எவருக்கும் வெங்காயத்தைப் பற்றிக் கதைக்க மனமிருக்கவில்லை.

"எங்கடை முயலுக்குச் சீனி வருத்தம் வந்திட்டுது" என்றார் அம்மம்மா.

நாம் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. தூணோடு சாய்ந்து நின்ற பேத்தி, ஏழாம் வகுப்பில் படிப்பவள், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அழுதிருந்தாள் என்பது அப்போதுதான் எமக்குத் தெரிந்தது.

அந்த முயலை 'வெள்ளையன்' என்று கூப்பிடுகிறார்கள். குட்டியாக வந்து நான்கு வருடங்கள். அந்தக் குடும்பம் இருந்த வீட்டை விட்டு வேறு வீட்டுக்கு இரண்டு தடவை மாறியபோதும், கடகத்தில் வைத்து மேலே துணி கட்டி அந்தப் பிள்ளையே அதைக் கொண்டுவந்திருக்கிறாள். இறைச்சிக்கென வளர்க்கப்பட்டதல்ல. விற்பதற்கும் அல்ல. "அவளுக்கெண்டு இருக்கிற ஒரே சாமான் அதுதான்" என்றார் தாயார்.

இந்தக் கட்டுரை அந்த முயலைப் பற்றியது. முயலுக்கு ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். வாசித்து முடித்தபின் அப்படிக் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறோம். ஏனெனில் வீட்டில் ஒரு உயிருக்கு வருத்தம் வந்தால் நாம் எப்படி யோசிக்கிறோம், எங்கே பிழை விடுகிறோம் என்பதையும் இது காட்டுகிறது.

அம்மம்மா கண்ட அறிகுறிகள்

அம்மம்மாவுக்குப் பதினைந்து வருடங்களாகச் சீனி வருத்தம். மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய் வருபவர். வருத்தத்தின் குணங்குறிகள் அவருக்கு மனப்பாடம். முயலில் அவர் கண்டவை இவை:

முதலாவது, தண்ணீர். முன்பு ஒரு சிரட்டைத் தண்ணீர் நாள் முழுவதற்கும் போதும். மாசி மாதம் தொடக்கம் இரண்டு மூன்று தடவை நிரப்ப வேண்டியிருந்தது.

இரண்டாவது, சலம். கூட்டின் அடியில் எப்போதும் ஈரம். முயலின் பின்பக்க மயிரும் நனைந்து மஞ்சளாகக் கிடந்தது.

மூன்றாவது, மெலிவு. வெங்காயம் நிறுக்கும் தராசில் முயலை நிறுத்து, பிள்ளை தன் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். தை மாதத்தில் 2 கிலோ 400 கிராம். பங்குனியில் 1 கிலோ 900 கிராம்.

நான்காவது, எறும்பு. கூட்டின் அடியில் எறும்பு மொய்த்தது. சலத்தில் எறும்பு மொய்த்தால் சலரோகம் என்பது எமது முன்னோர் காலத்திலிருந்து வரும் அறிவு. அது பொய்யான அறிவும் அல்ல.

இவ்வளவையும் கண்ட பிறகு, அம்மம்மா தன்னுடைய குத்திப் பார்க்கும் கருவியை எடுத்தார். பேத்தி முயலை மடியில் இறுக்கிப் பிடிக்க, காதில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். கருவி 236 என்று காட்டியது. மனிதருக்கானால் சந்தேகமே இல்லை என்று சொல்லும் அளவு.

"குளிசையில் பாதி குடுப்பமோ எண்டு நினைச்சன். எதுக்கும் ஆரையும் கேட்டிட்டுக் குடுப்பம் எண்டு வைச்சிருக்கிறன்" என்று சொல்லி, ஒரு சிறிய கடதாசிப் பையைக் காட்டினார். அதற்குள் பாதியாக உடைத்த குளிசைகள் எட்டு இருந்தன.

எங்கிருந்து வந்தவை என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. மகள்தான் சொன்னார். கிளினிக்கில் தருவது மாதத்துக்கு எண்ணித் தருவது. மேலதிகமாக இல்லை. ஆகவே காலையும் மாலையும் தான் போட வேண்டிய குளிசையைப் பாதியாக உடைத்து, ஒரு பாதியைத் தான் விழுங்கி, மறுபாதியை முயலுக்கென எடுத்து வைத்திருக்கிறார். நான்கு நாட்களாக இப்படி. அன்று காலை அவருடைய சொந்தச் சீனியைக் குத்திப் பார்த்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்பது தெரியாது. முயலுக்குக் குத்தியதோடு பரிசோதனைத் துண்டுகள் முடிந்துவிட்டன.

முயலின் உடம்பும் சீனியும்

முயலுக்குச் சீனி வருத்தம் வரவே வராதா? வரலாம். ஆனால் மிக அரிது. நாய்க்கும் பூனைக்கும் இது பரவலாக வருகின்றது. முயலில் அப்படியல்ல. அமெரிக்காவில் ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட நியூசிலாந்து வெள்ளை இன முயல்களின் ஒரு வழியில், பரம்பரையாக இந்த நோய் இயற்கையாகவே தோன்றியதை 1980 களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வுகள் விபரித்தன. வீட்டு முயல்களில் உறுதியாக நிரூபிக்கப்பட்ட சம்பவங்கள் வெகு சில.

இதற்குக் காரணம் முயலின் சமிபாட்டில் இருக்கிறது. நாம் சோறும் பாணும் உண்டு, அதிலுள்ள மாப்பொருளைச் சீனியாக்கி வாழ்கிறோம். முயல் புல் தின்னும் பிராணி. அதன் வயிற்றில் பெருங்குடலின் தொடக்கத்தில் பெரிய பை ஒன்று உண்டு. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. முயல் தன் சக்தியில் ஒரு பங்கை இவற்றிலிருந்தே பெறுகிறது. அந்தப் பையில் உருவாகும் மென்மையான புழுக்கையை அது நேரே வாயால் எடுத்துத் திரும்பவும் விழுங்கும். அது அருவருப்பான பழக்கமோ நோயோ அல்ல. அதன் உணவின் இரண்டாவது சுற்று.

இதனால் முயலின் வயிற்றை ஒரு நாளும் வெறுமையாக விடக்கூடாது. "வெறுவயிற்றில் பரிசோதிக்க வேண்டும்" என்று மனிதருக்குச் சொல்வதை நினைத்து முயலை இரவு முழுவதும் பட்டினி போட்டால், பரிசோதனைக்கு முன்பே அது வேறு வருத்தத்தில் விழுந்துவிடும்.

பயந்தாலும் சீனி ஏறும்

ஆரோக்கியமான முயலின் இரத்தத்தில் சீனி, ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 75 முதல் 150 மில்லிகிராம் வரை இருக்கும். அப்படியானால் 236 என்பது என்ன?

முயல் எல்லோருக்கும் இரையாகும் பிராணி. பருந்து, நாய், கீரி, பாம்பு எல்லாம் அதற்கு எதிரி. அதைத் தூக்கினாலே, இறுக்கிப் பிடித்தாலே, உடம்பில் பயத்தின் சுரப்புகள் பாயும். ஓடுவதற்குச் சக்தி வேண்டும் என்று ஈரல் சேமித்து வைத்த சீனியை இரத்தத்தில் விடும். சில நிமிடங்களில் அளவு ஏறிவிடும். ஏறிய சீனி சலத்திலும் கொஞ்சம் வரக்கூடும். பிடித்து, அழுத்தி, காதில் குத்திய ஒரு முயலில் 236 என்ற எண்ணைக் கண்டால், அது பயத்தின் அளவாகவே இருக்கலாம். மேலும் மனிதருக்கான கருவி முயலின் இரத்தத்துக்கென அளவு திருத்தப்பட்டதல்ல. சற்றுக் கூடியோ குறைந்தோ காட்டலாம்.

நோவும் சீனியை ஏற்றும். இது முக்கியமான விடயம். பிரித்தானியாவில் வீட்டு முயல்களில் செய்யப்பட்டு 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், குடல் அசைவு மந்தமான முயல்களின் சராசரி ஏறத்தாழ 150 மில்லிகிராமாகவும், குடல் அடைபட்ட முயல்களின் சராசரி 440 மில்லிகிராம் அளவிலும் இருந்தன. அதாவது மிக உயர்ந்த சீனி முயலில் பெரும்பாலும் சொல்லும் செய்தி "நீரிழிவு" அல்ல. "எனக்கு உடம்பில் எங்கோ கடும் ஆபத்து" என்பதே. வயிறு உப்பி, தின்னாமல், ஒரு மூலையில் கூனி இருக்கும் முயலில் இந்த அளவைக் கண்டால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

உண்மையான நீரிழிவென்று சொல்வதற்கு ஒரு தடவை குத்திப் பார்ப்பது போதாது. முயல் அமைதியாக இருக்கும்போது, வேறு வேறு நாட்களில், திரும்பத் திரும்ப உயர்ந்த அளவு காணப்பட வேண்டும். சலத்திலும் தொடர்ந்து சீனி வர வேண்டும். கடந்த சில வாரங்களின் சராசரியைக் காட்டும் புறக்ரோசமீன் என்ற இரத்தப் பரிசோதனையும் உண்டு. அன்றைய பயம் அந்த அளவை மாற்றாது.

வைத்தியர் கண்டது

அடுத்த நாள் காலை, வெயில் ஏறுமுன், கடகத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு தகப்பனும் மகளும் அரச கால்நடை வைத்தியரிடம் போனார்கள். நாமும் கூடச் சென்றோம். பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்திருந்தாள்.

வைத்தியர் முதலில் முயலைத் தொடவில்லை. கடகத்தை நிழலான ஒரு மூலையில், துணியை எடுக்காமல், ஒரு மணித்தியாலம் வைக்கச் சொன்னார். அந்த நேரத்தில் கொப்பியைப் பார்த்தார். கேள்விகள் கேட்டார். என்ன தின்னும்? எவ்வளவு தின்னும்? கூடு எங்கே இருக்கிறது? மேலே என்ன கூரை?

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. காலையில் பிஸ்கட். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாண் துண்டு, வாழைப்பழம். மாலையில் கோழித்தீன் ஒரு பிடி. முன்பு இருந்த வீட்டில் வேலியோரம் புல் இருந்தது. இப்போதிருக்கும் காணியில் புல் இல்லை. கூடு தகரக் கொட்டிலின் பக்கத்தில், மேற்குப் பார்த்தபடி.

ஒரு மணித்தியாலத்தின் பின் காது நரம்பிலிருந்து இரத்தம் எடுத்தார். 148. சலத்தைப் பரிசோதனைத் துண்டில் பார்த்தார். சீனி இல்லை.

"சீனி வருத்தம் இல்லையோ?" என்று பிள்ளை கேட்டாள்.

"இல்லை மகள். ஆனால் வருத்தம் இல்லை எண்டு நான் சொல்லேல்லை" என்றார் வைத்தியர்.

வாயைத் திறந்து வெளிச்சம் பிடித்துக் காட்டினார். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளரும். நாள் முழுவதும் புல்லை அரைத்தால்தான் அவை தேயும். பிஸ்கட்டும் பாணும் பல்லைத் தேய்ப்பதில்லை. வெள்ளையனின் கடைவாய்ப் பற்கள் ஓரத்தில் ஊசிபோல் வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தன. பசி இருந்தது. மெல்ல முடியவில்லை. மெலிவுக்கு முதற் காரணம் அது.

சலம் தடித்துச் சுண்ணாம்புபோல் இருந்தது. முயலின் சலம் சாதாரணமாகவே கலங்கலாக இருக்கும். உணவில் வரும் கல்சியத்தில் மேலதிகமானதைச் சலத்தோடு வெளியேற்றுவது அதன் உடம்பின் வழக்கம். ஆனால் பற்பசைபோல் தடித்து வந்தால் அது நோய். சலப்பையில் அடைந்து, எரிச்சல் கொடுத்து, சொட்டுச் சொட்டாக ஒழுக வைக்கும். பின்பக்கம் நனைந்திருந்தது அதனால்.

தண்ணீர் கூடுதலாகக் குடித்ததற்கோ இரண்டு காரணங்களைச் சொன்னார். ஒன்று தகரக் கூரையின் வெக்கை. முயலுக்கு வியர்வை இல்லை. காதுகளின் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை விடும். 30 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் போனால் அது தவிக்கத் தொடங்கும். மற்றது சிறுநீரகம். சலத்தின் அடர்த்தியைப் பார்த்தபோது அது எதிர்பார்த்ததிலும் குறைவாக இருந்தது. பட்டணத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய இரத்தத்திலும் சிறுநீரகத்தைக் காட்டும் அளவுகள் உயர்ந்திருந்தன. நான்கு வயதைக் கடந்த முயல்களில் இது காணப்படக்கூடியது. என்செபாலிட்டோசூன் என்ற நுண்ணங்கி சிறுநீரகத்தில் தங்கி மெல்ல மெல்லச் சேதப்படுத்துவதும் உண்டு.

எறும்பு? அதையும் பிள்ளை விடாமல் கேட்டாள். கூட்டின் அடியைக் கூட்டித் துப்பரவாக்கி, பிஸ்கட் கொடுப்பதை நிறுத்தி, மூன்று நாள் பார்க்கச் சொன்னார் வைத்தியர். நான்காம் நாள் எறும்பு வரவில்லை. சலம் அங்கேதான் இருந்தது. எறும்பு வந்தது பிஸ்கட் தூளுக்கு.

மனிதருக்கான மருந்து வேண்டாம்

அந்தக் கடதாசிப் பையைப் பற்றி நாம் வைத்தியரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

சீனி வருத்தம் இல்லாத ஒரு முயலுக்குச் சீனியைக் குறைக்கும் குளிசையையோ ஊசியையோ கொடுத்தால், இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி விழும். முதலில் சோர்வு. பிறகு தள்ளாட்டம். பிறகு வலிப்பு. மனிதரின் பாதிக் குளிசை என்பது 60 கிலோ உடம்புக்கான மருந்தின் பாதி. முயலின் எடை 2 கிலோ. உண்மையிலேயே நீரிழிவு உள்ள முயலுக்குக்கூட வைத்தியர்கள் முதலில் செய்வது உணவைத் திருத்துவதுதான். சீனியும் மாவும் நீக்கி, புல்லைக் கூட்டி, கொழுத்த உடம்பானால் மெல்ல மெல்லக் குறைப்பார்கள்.

இதே இடத்தில் இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலின், அம்பிசிலின் போன்ற கப்சூல்களை உடைத்து முயலின் வாயில் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. முயலின் குடலில் நார் புளிக்கவைக்கும் நல்ல நுண்ணுயிர்களை இவை அழித்துவிடும். அவற்றின் இடத்தில் நச்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகி, கழிச்சல் கண்டு, சில நாட்களில் முயல் இறந்துபோகும். கோழித்தீனில் கலக்கப்படும் சில மருந்துகளும் முயலுக்கு நஞ்சு. கோழிக்கு நல்லது முயலுக்கும் நல்லது என்று எண்ண வேண்டாம்.

இன்சுலினும் முயலும்

திரும்பி வரும் வழியில் வைத்தியர் சொன்ன ஒரு கதையைப் பிள்ளை அம்மம்மாவுக்குச் சொன்னாள். வாசகர்களும் அறிந்திருப்பது நல்லது.

1921 ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்ற இருவர், பேராசிரியர் மக்லியோட்டின் ஆய்வுகூடத்தில் சதையியிலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்க முயன்றனர். அவ்வருட இறுதியில் அவர்களுடன் கொலிப் என்ற இரசாயன அறிஞர் சேர்ந்தார். தான் சுத்திகரித்த மருந்து வேலை செய்கிறதா என்பதை அவர் முயல்களில் சோதித்தார். முயலின் சீனி குறைந்தது. கூடுதலாகக் கொடுத்தபோது முயல்களுக்கு வலிப்பு வந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றியபோது எழுந்துவிட்டன. 1922 தை மாதத்தில் அந்த மருந்து 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. 1923 இல் பான்ரிங்கிற்கும் மக்லியோட்டிற்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்தை எப்படி அளப்பது என்ற கேள்வி வந்தபோதும் முயலே அளவுகோலாயிற்று. பட்டினி போட்ட 2 கிலோ முயலொன்றின் இரத்தச் சீனியை 45 மில்லிகிராமுக்குக் கொண்டுவரத் தேவையான அளவை வைத்தே, இன்சுலினின் "அலகு" முதலில் வகுக்கப்பட்டது. இன்றைக்குக் கிளினிக்கில் "பத்து யூனிற் போடுங்கோ" என்று சொல்கிறார்களே, அந்த யூனிற்றின் பிறப்பு அங்கேதான். 1943 இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், அலொக்சான் என்ற இரசாயனம் முயலின் சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை மட்டும் அழிப்பது கண்டறியப்பட்டது. அதன்பின் நீரிழிவு ஆய்வுகளுக்கு எத்தனையோ முயல்கள் பயன்பட்டன. அவை மனிதர் உண்டாக்கிய நீரிழிவு. தானாக வந்ததல்ல.

அம்மம்மா கேட்டுவிட்டு, "அப்ப நான்தான் உதுக்குக் கடன்" என்றார்.

வீட்டில் செய்யக்கூடியவை

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் கூடு வைக்க நிழல் கிடைப்பது கடினம். புல்லுக்கும் இடம் இல்லை. எனினும் பின்வருவனவற்றைச் சிறு செலவில் செய்யலாம். முயலைப் பிள்ளைகளுக்காக வளர்ப்பவர்களுக்கும், வருமானத்துக்காக வளர்ப்பவர்களுக்கும் இவை பொருந்தும்.

1. தண்ணீரை அளவுங்கள். காலையில் அளந்து ஊற்றி, அடுத்த நாள் அதே நேரம் மீதியை அளவுங்கள். பக்கத்தில் முயலுக்கு எட்டாமல் அதே மாதிரிப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்தால் வெயிலில் எவ்வளவு வற்றியது என்பதும் தெரியும். மூன்று நாட்கள் இப்படிச் செய்யுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை சாதாரணம். குட்டிக்குப் பால் கொடுக்கும் முயல் கூடக் குடிக்கும். காய்ந்த தீன் தின்பதும் கூடக் குடிக்கும். ஒருபோதும் தண்ணீரைக் குறைத்து வைக்காதீர்கள். சிறுநீரகம் பழுதான முயலுக்கு அது மரண தண்டனை.

2. வாரம் ஒரு தடவை நிறுத்து எழுதுங்கள். முயல் தன் நோவை ஒளிக்கும். தராசு ஒளிக்காது.

3. புல்லே பிரதான உணவு. அறுகு, கினிப்புல் போன்றவற்றை அதிகாலையில் அறுத்து, நிழலில் உலர்த்தி, எந்நேரமும் கூட்டில் கிடக்கச் செய்யுங்கள். கிருமிநாசினி அடித்த தோட்டத்து வரம்பில் அறுக்க வேண்டாம். பிஸ்கட், பாண், சீனி வேண்டாம். பழம் வாரத்தில் ஒரு சிறு துண்டு போதும்.

4. இலைகளில் கவனம். முருங்கை, அகத்தி இலைகளில் கல்சியம் அதிகம். சலம் தடித்த முயலுக்கு அவற்றைக் குறையுங்கள். இப்பிலிப்பில் இலையிலுள்ள மிமோசின் என்ற பொருள் முயலின் மயிரைக் கொட்டவைக்கும்.

5. உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பத்து நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

6. கூரைக்கு மேல் கிடுகு போடுங்கள். நண்பகலில் ஈரச்சாக்கைக் கூட்டின் ஒரு பக்கத்தில் தொங்கவிடுங்கள். காற்றை அடைக்க வேண்டாம். தண்ணீர் நிரப்பிய மண்சட்டி ஒன்றை அருகில் வைத்தால் முயல் அதோடு சாய்ந்து படுக்கும்.

7. பின்பக்கத்தைத் தினமும் பாருங்கள். நனைந்த மயிரில் இலையான் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு உண்டாகித் தசையைத் தின்னும். இளஞ்சூட்டு நீரில் துடைத்து நன்றாக உலரவிடுங்கள்.

8. முன்பல் நீண்டால் நகவெட்டியால் வெட்ட வேண்டாம். பல் நீளவாக்கில் பிளந்து வேரில் சீழ் பிடிக்கும். வைத்தியரே செய்யட்டும்.

9. சிவந்த சலத்தைக் கண்டவுடன் இரத்தமென்று பயப்பட வேண்டாம். சில இலைகளைத் தின்றால் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் போகும். ஓரிரு நாளில் மாறாவிட்டால் காட்டுங்கள்.

10. பன்னிரண்டு மணித்தியாலமாகத் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். அது அவசரம். இரவானாலும் உதவி தேடுங்கள்.

உங்கள் பிரதேசத்தின் அரச கால்நடை வைத்தியரிடம் முயலையும் கொண்டுபோகலாம். மாடு ஆடு மட்டுமல்ல. போகும்போது எடை, தண்ணீர், தீன் ஆகியவற்றை எழுதிய ஒரு கடதாசியையும் கொண்டுபோங்கள். வருத்தத்தின் பெயரை நீங்களே முடிவுசெய்துகொண்டு போக வேண்டாம். கண்டதை மட்டும் சொல்லுங்கள். பெரிய சத்திரசிகிச்சைகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரம் போகமுன், அருகிலுள்ளவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

பிறகு நடந்தது

வெள்ளையனின் கடைவாய்ப் பற்களை வைத்தியர் மயக்கமருந்து கொடுத்து அராவினார். அதற்கு இரண்டு தடவை போய்வர வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை போன நாளில் தகப்பன் ஒரு நாட்கூலியை இழந்தார். அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தாயார்தான் எம்மிடம் சொன்னார், குறையாக அல்ல, கணக்காக.

கூடு இப்போது வேப்பமரத்தின் கீழ் இருக்கிறது. கிணற்றடி வாய்க்கால் ஓரத்தில் இரண்டு முழ நீளத்துக்குக் கினிப்புல் நட்டிருக்கிறார்கள். காணிக்காரரிடம் கேட்டு நட்டது. பங்குனியில் ஒரு நாளைக்கு 430 மில்லிலீற்றர் குடித்த முயல், சித்திரை முடிவில் 310 மில்லிலீற்றர் குடித்தது. நிழல் குறைத்தது அவ்வளவு. மிச்சம் சிறுநீரகம். அது இனி மாறப்போவதில்லை என்று வைத்தியர் பிள்ளைக்கு ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆடி மாதத்தில் நாம் போனபோது எடை 2 கிலோ 50 கிராம். கொப்பியில் எழுதியிருந்தது.

அம்மம்மா தன்னுடைய குளிசையை முழுதாகப் போடுகிறார். அந்த எட்டுப் பாதிகளையும் என்ன செய்தார் என்று கேட்டோம். கிளினிக்குக்குக் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லி, தாதியிடம் கொடுத்துவிட்டாராம். தாதி ஏசினாரா என்று கேட்டோம்.

"ஏசினவ. பிறகு முயல் எப்பிடி இருக்குது எண்டு கேட்டவ."

வருத்தம் தெரிந்த மனிதர் மற்றொரு உயிரின் வருத்தத்தைத் தன் வருத்தமாகவே காண்பது இயல்பு. அம்மம்மா விட்ட பிழை அன்பில்லாததால் வந்ததல்ல. தாகம், மெலிவு, எறும்பு, ஒரு எண் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொல்லின. ஆனால் கொடுக்குமுன் ஒருவரைக் கேட்க வேண்டும் என்று அவர் காத்திருந்தாரே, அந்த நான்கு நாட்கள்தான் முயலைக் காப்பாற்றின. அந்த நான்கு நாட்களும் அவர் தன் மருந்தைப் பாதியாக்கியதுதான் ஆபத்து. உங்கள் வீட்டிலும் கிளினிக் குளிசை எண்ணித்தான் வரும். அதில் ஒன்றையேனும் பிறருக்கென எடுத்து வைக்காதீர்கள். முயலுக்கானாலும் சரி, அயலவருக்கானாலும் சரி.

ஆடி மாதம் போனபோது வெங்காயத்தைப் பற்றியும் கதைத்தோம். நன்றாக இருந்தது.